முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம்: குமரி மாவட்டத்துப் பயிற்சி விமானிகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து விமானப் பயிற்சிக்கு வெளியூர் போகும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறார்கள். விமானப் பயிற்சியாளராக இருக்கும் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்களும் அவர்கள் பெற்றோரும் கேட்பவற்றில் ஒரு பாடத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பாடம் பல இடங்களில் அரைகுறையாகவே நடத்தப்படுகிறது என்பது என் வருத்தம். மற்ற பயிற்சியாளர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்ஜின் நின்றுபோனால் இறங்குவதும் முன்னெச்சரிக்கைத் தரையிறக்கமும் ஒன்றுதானா?

இல்லை. என்ஜின் நின்று, வேறு வழியில்லாமல் கிடைத்த இடத்தில் இறங்குவது ஃபோர்ஸ்டு லேண்டிங். முன்னெச்சரிக்கைத் தரையிறக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் பறக்கவும் முடியும். ஆனால் பறப்பது நல்லதல்ல என்று விமானி தானாக முடிவெடுத்து, இடம் தேடி, அதன்மேல் பறந்து சோதித்து, ஒழுங்காகச் சுற்றிவந்து இறங்குகிறார். ஐரோப்பியப் பாடத்திட்டத்தில் இரண்டும் அடுத்தடுத்த பயிற்சிகள்: 16-ஆவது ஃபோர்ஸ்டு லேண்டிங், 17-ஆவது முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம். அடுத்தடுத்து இருப்பதாலேயே மாணவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துவிடுகிறார்கள்.

முதலாவதில் முடிவை என்ஜின் எடுத்துவிடுகிறது. விமானிக்கு மிஞ்சுவது கைவேலை. இரண்டாவதில் முடிவை விமானிதான் எடுத்தாக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில் எடுக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது கடினம்.

நம் மாவட்டத்தில் விமான நிலையமே இல்லையே. இந்தப் பாடத்துக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு?

விமான நிலையம் இல்லை என்பதுதான் தொடர்பு. வடமேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி அருகே வாகைக்குளம். இரண்டுக்கும் இடையில் சிறு விமானத்தில் பறப்பவருக்குக் கீழே ஓடுதளம் கிடையாது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி வரிசை, மறுபக்கம் கடல். 1,654 மீட்டர் உயர மகேந்திரகிரி மேகத்துக்குள் போய்விட்டால் மிஞ்சுவது ஆரல்வாய்மொழிக் கணவாயோ, முனையைச் சுற்றிய கடலோரமோதான்.

பழைய விமானிகளுக்கு இது புதிதல்ல. 1935-இல் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. அந்தக் காலத்தில் வானம் மூடினால் திறந்த நிலத்தில் இறங்கிக் காத்திருப்பது விமானிகளின் வழக்கமான வேலைகளில் ஒன்று. கருவிகளும் ரேடியோவும் பெருகிய பிறகு அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போயிற்று. இப்போதைய மாணவர் ஓடுதளத்தைத் தவிர வேறெங்கும் இறங்கலாம் என்ற எண்ணமே இல்லாமல் இருநூறு மணி நேரப் பயிற்சிப் பறப்பை முடித்துவிடுகிறார்.

எந்தெந்தச் சூழலில் இப்படி இறங்க வேண்டும்?

மேகம் தாழ்ந்து பார்வை குறைவது, வழி தவறுவது, எரிபொருள் கணக்கு இடிப்பது, இருட்டு நெருங்குவது, என்ஜின் மெல்ல மெல்லச் சுணங்குவது, உடன் வருபவருக்கோ விமானிக்கோ உடல்நிலை கெடுவது. பெரும்பாலும் இவை தனியாக வருவதில்லை. மேகத்தைச் சுற்றிப் போனதால் வழி தவறும். வழி தேடியதால் எரிபொருள் கரையும். அதற்குள் பொழுதும் சாயும்.

இரண்டு விஷயங்களை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்வேன். ஒன்று, இருட்டு. நாம் வடக்கு அகலாங்கு எட்டு டிகிரியில் இருக்கிறோம். சூரியன் மறைந்து ஏறக்குறைய இருபது நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும். குளிர்நாடுகளில் பயிற்சி பெற்றுவரும் பிள்ளைகள் அங்கே பழகிய நீண்ட அந்தியை இங்கும் எதிர்பார்க்கிறார்கள். இன்னொன்று, கார்புரேட்டர் ஐஸ். "நம்ம வெயிலில் ஐஸா?" என்று கேட்பார்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால், வெளியே முப்பது டிகிரியை நெருங்கினாலும், குறைந்த பவரில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும். கார்புரேட்டர் உள்ள செஸ்னா 152 போன்ற விமானத்தில் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) மெல்லச் சரிந்தால், வயல் தேடும் முன், கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை முழுவதும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

முடிவை எப்போது எடுப்பது? சீக்கிரம் இறங்கிவிட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை வைத்துப் பறக்கப் பழகாத இருபது பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டார்கள். இருபது பேருமே விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் போனார்கள். சிலருக்கு இருபது வினாடி, சிலருக்கு எட்டு நிமிடம். சராசரி 178 வினாடி. கெட்டிக்காரர், மந்தமானவர் என்ற வேறுபாடே அங்கே இல்லை. மேகத்துக்குள் போன பிறகு எடுப்பதற்கு முடிவு எதுவும் மிச்சமில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. முடிவு அதற்கு முன்னால் வந்தாக வேண்டும்.

நம் நாட்டில் பார்வை விதிப்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு, பத்தாயிரம் அடிக்குக் கீழே ஐந்து கிலோமீட்டர் பார்வையும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேல்கீழாக ஆயிரம் அடியும் இடைவெளி வேண்டும். இது சட்டத்தின் எல்லை. மாணவரின் எல்லை இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும், அதுவும் புறப்படும் முன்பே காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "மேகத்தின் அடி இவ்வளவுக்கு இறங்கினால் திரும்புவேன், இந்த ஊரைத் தாண்டும்போது எரிபொருள் இவ்வளவுக்குக் குறைந்தால் திரும்புவேன், இத்தனை மணிக்குள் கணவாயைக் கடக்காவிட்டால் திரும்புவேன்." தரையில் நின்று நிதானமாக எழுதிய எண்ணுக்கு, வானத்தில் பதறும் மனதைவிட மதிப்பு அதிகம்.

வரிசையும் நினைவிருக்கட்டும். முதலில் திரும்புதல். அது முடியாவிட்டால் வேறு விமான நிலையம். அதுவும் முடியாவிட்டால்தான் வயல். ஆனால் முதல் இரண்டையும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனவருக்கு மூன்றாவதும் நல்லபடியாகக் கிடைக்காது. ஆயிரம் அடி உயரமும் அரை மணி நேர எரிபொருளும் பகல் வெளிச்சமும் கையில் இருக்கும்போது தேடினால் நல்ல வயல் அகப்படும். முந்நூறு அடியில் மழைக்குள் தேடினால் எதுவும் அகப்படாது.

பயந்தாங்கொள்ளி என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் அந்த விமானத்துக்குள் இருக்கப்போவதில்லை.

குமரி மாவட்டத்தில் எங்கே இறங்க முடியும்? எல்லாம் தென்னையும் ரப்பரும்தானே?

உண்மைதான், எளிதான மாவட்டம் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மேட்டில் ரப்பர், பள்ளத்தில் வாழை, வீட்டைச் சுற்றித் தென்னை. மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சைப் போர்வை. நேராக முந்நூறு மீட்டர் திறந்த இடம் கண்ணில் படுவதே அரிது.

நாஞ்சில் நாட்டு வயல்வெளிதான் மாணவரின் கண்ணுக்கு முதலில் தெரியும். சுசீந்திரம், தேரூர் பக்கம் பரந்து கிடக்கும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எந்த மாதம்? கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்திலும் வயலில் தண்ணீர் நிற்கும். சேற்றில் முன்சக்கரம் புதைந்தால் விமானம் மூக்குக் குத்தித் தலைகீழாகப் புரளும். கும்பப்பூ அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் அதே வயல் வேறு நிலம். அப்போதும் வரப்புகள் உண்டு. வரப்புக்குக் குறுக்கே ஓடாமல், நீளவாக்கில் இணையாக இறங்க வேண்டும், காற்று சற்றுப் பக்கவாட்டில் வந்தாலும். விவசாய வீட்டுப் பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பயிரின் நிறத்தைப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை.

கணவாய்க்குக் கிழக்கே பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் நிலம் மாறிவிடும். வறண்ட பொட்டல், செம்மண், உடைமரம். திறந்த இடம் நிறைய உண்டு. ஆனால் முப்பந்தல் தொடங்கிக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இறக்கைகள் கிளப்பும் சுழல்காற்று பின்பக்கம் நெடுந்தூரம் வரும். கோபுரத்துக்குக் கோபுரம் மின்கம்பியும் ஓடும்.

மின்கம்பியைக் கண்ணால் தேடாதீர்கள். கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். ஒரு கம்பத்தைக் கண்டால் அடுத்த கம்பம் எங்கே என்று பாருங்கள். வயலின் இரு பக்கத்திலும் கம்பம் இருந்தால், நடுவில் கம்பி தெரியாவிட்டாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் திசையை அறிய நம் ஊரில் குறிகளுக்குப் பஞ்சமில்லை. காற்றாலை எப்போதும் காற்று வரும் பக்கம் முகம் திருப்பி நிற்கும். குளத்தில் எந்தக் கரையோரம் நீர் சலனமில்லாமல் பளபளக்கிறதோ, அந்தக் கரையிலிருந்து காற்று வருகிறது. குப்பை எரியும் புகை, தென்னையோலை சாயும் பக்கம், செங்கல் சூளை எல்லாமே உதவும்.

நாலுவழிச் சாலை? கடற்கரை? உப்பளம்?

சாலையைக் கண்டதும் மனம் அங்கேதான் ஓடும். பெரும்பாலும் அது ஏமாற்றம். நடுத்தடுப்பு, விளக்குக் கம்பம், பெயர்ப்பலகைத் தூண், குறுக்கே போகும் மின்கம்பி, எல்லாவற்றுக்கும் மேலாக வாகனங்கள். நாம் பிழைக்க இறங்கும் இடத்தில் பைக்கில் போகும் குடும்பம் ஒன்று மாட்டிக்கொள்ளக் கூடாது. காலியான, கம்பமில்லாத, நேரான சாலை வேறு வழியின்றி மட்டுமே.

கடற்கரையில் அலை நனைத்த இறுகிய மணல் ஒரு பட்டையளவுதான் இருக்கும். காய்ந்த மணலில் சக்கரம் புதையும். தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பட்டையையும் கடல் விழுங்கிவிடும். தூண்டில் வளைவு, கட்டுமரம், வள்ளம், வலை உலர்த்துபவர்கள் என்று நம் கரை வெறுமையாக இருப்பதே இல்லை. உப்பளத்தின் பாத்திகள் மேலிருந்து தட்டையாகத் தெரியும், அடியில் சேறு. விட்டுவிடுங்கள்.

வயலின் நீளத்தை மேலிருந்து எப்படி அளப்பது?

கடிகாரத்தால். தரைவேகம் 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர். வயலின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை பத்து வினாடி ஆனால் 300 மீட்டர். இருபது வினாடி என்றால் 600.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேகமானி காட்டுவது காற்றில் உள்ள வேகம், தரைவேகம் அல்ல. எதிர்காற்று 15 நாட் வீசும்போது 65 நாட் வேகத்தில் பறந்தால் தரைவேகம் 50தான். பத்து வினாடிக்கு 257 மீட்டர்தான் கிடைக்கும். 300 என்று நினைத்தவர் நாற்பது மீட்டரைக் கற்பனையில் சேர்த்துக்கொண்டார். ஆடி மாதக் கணவாய்க் காற்றில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

எவ்வளவு வேண்டும்? செஸ்னா 172எஸ் விமானத்தின் கையேட்டை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், முழு எடையில், ஐம்பது அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1,335 அடி. அதில் தரையில் ஓடுவது 575 அடி. காய்ந்த புல்தரையானால் தரை ஓட்டத்தில் 45 சதவீதம் கூட்டச் சொல்கிறது. ஏறக்குறைய 1,600 அடி, அதாவது 490 மீட்டர் ஆகிவிட்டது. இது தேர்ந்த விமானியும் புது விமானமும் சேர்ந்து பெற்ற எண். நம் வெயிலும், மாணவரின் படபடப்பும், ஐம்பது அடியைத் தாண்டி வளர்ந்த நெட்டைத் தென்னையும் அதில் சேரவில்லை.

படிப்படியான செய்முறை என்ன?

விமானத்தை முதலில் மெதுவாக்க வேண்டும். 172எஸ் கையேடு 65 நாட், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) 20 டிகிரி என்கிறது. வேகம் குறைந்தால் திருப்பம் சிறுக்கும், பார்க்கவும் யோசிக்கவும் நேரம் கிடைக்கும். இருக்கை நிமிர்த்தி, பெல்ட் இறுக்கி, உடன் வருபவரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

இடம் கண்டதும் ஒரு சுற்று உயரமாக: அளவு, வடிவம், சரிவு, சுற்றியுள்ள தடைகள், காற்று. பிறகு ஒரு சுற்று தாழ்வாக, வயலுக்குச் சற்று வலப்பக்கம் தள்ளி, எதிர்காற்றில். இடப்பக்க இருக்கையில் இருப்பவருக்கு அப்போதுதான் வயல் தெளிவாகத் தெரியும். பள்ளம், கிணறு, வரப்பு, மாடு, கம்பி எல்லாவற்றையும் அப்போது பார்க்க வேண்டும். நாம் தேடுவது இறங்காமலிருக்கக் காரணம். ஒன்று கிடைத்தால் அடுத்த வயலுக்குப் போய்விட வேண்டும். முதலில் பார்த்த வயலோடு மனம் ஒட்டிக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து.

பிறகு வழக்கமான சர்க்யூட், அதாவது இறங்குவதற்கான சுற்று. இறங்கும் கடைசி நேர்ப்பாதையான ஃபைனலில் முழு ஃப்ளாப், 65 நாட். தரை தொடுமுன் கதவைத் தாழ் நீக்கி வைப்பது, மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சை அணைப்பது, வால் சற்றே தாழ்ந்தபடி தொடுவது, தொட்டதும் இக்னிஷனை அணைப்பது, பிரேக்கை அழுத்துவது. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் அதுவே செல்லும்.

தொடும் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் மோதும் விமானம், ஒன்பது மடங்கு ஈர்ப்பு அளவில் சீராக வேகம் இழந்தால், மூன்று மீட்டருக்குள் நின்றுவிடும். 160 கிலோமீட்டர் என்றால் அதற்குப் பதினொரு மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. அந்த ஒன்பது மடங்கு ஈர்ப்பு, மனித உடல் தாங்கக்கூடிய அளவு. ஆகவே மெதுவாக, கட்டுப்பாட்டோடு ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போனாலும் பிழைக்க வாய்ப்புண்டு. வேகத்தை இழந்து, ஸ்டாலாகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து) மேலிருந்து விழுபவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

தாழ்வாகச் சுற்றும்போது மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

கண் ஏமாற்றுவதில். காற்று முதுகில் வரும்போது தரை வேகமாக ஓடும். "அதிக வேகத்தில் போகிறோம்" என்று மாணவர் என்ஜின் பவருக்கான த்ராட்டிலைக் குறைப்பார். உண்மையில் காற்றுவேகம் சரியாகவே இருந்தது. இப்போது ஸ்டாலை நோக்கிப் போகிறது. அதேபோல் பலத்த காற்றில் திரும்பும்போது விமானம் பக்கவாட்டில் வழுக்குவதுபோலத் தோன்றும். அதைச் சரிசெய்ய, வாலில் உள்ள ரட்டரை இயக்கும் மிதியை மிதித்தால், தாழ்வான உயரத்தில் ஸ்பின்னுக்கான (சுழன்றபடி விழுவதற்கான) வழி திறந்துவிடும். மருந்து: வேகமானியையும், வழுக்கலைக் காட்டும் கருவியின் பந்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது, முப்பது டிகிரிக்கு மேல் சாய்க்காதிருப்பது. முப்பதில் ஸ்டால் வேகம் ஏழு சதவீதம்தான் கூடும், அறுபதில் நாற்பத்தொன்று.

பயிற்சியாளர் இதை எப்படிக் கற்றுத்தர வேண்டும்?

வழக்கமாக நடப்பது இது. "இன்றைக்கு முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம்" என்று கரும்பலகையில் எழுதுவார்கள். பயிற்சிப் பகுதிக்குப் போவார்கள். எல்லோருக்கும் தெரிந்த அதே வயலின்மேல் இரண்டு சுற்று, இறங்காமல் மீண்டும் மேலேறும் ஒரு கோ அரவுண்ட், லாக்புக்கில் கையெழுத்து. மாணவர் செய்முறையைக் கற்றுக்கொண்டார். முடிவெடுப்பதை ஒருமுறைகூடச் செய்யவில்லை, ஏனென்றால் அதை அவருக்காகக் கரும்பலகை எடுத்துவிட்டது.

நான் தரையில் தொடங்குகிறேன். ஊரில் இருக்கும் பிள்ளைகளை மருந்துவாழ் மலைக்கு ஏறச் சொல்வேன். அதன் உச்சி, சர்க்யூட் பறக்கும் ஆயிரம் அடிக்கும் தாழ்வாகச் சோதிக்கும் ஐந்நூறு அடிக்கும் இடைப்பட்ட உயரம். அங்கிருந்து பொற்றையடி, தென்னந்தோப்பு, உப்பளம், வயல், குளம், காற்றாலை, கடல் எல்லாம் தெரியும். "இப்போது இறங்க வேண்டுமானால் எங்கே? ஏன்? அதில் என்ன குறை?" என்று கேட்டு, பிறகு கீழே இறங்கி அந்த இடத்துக்கே நடந்து போய்ப் பார்க்கச் சொல்வேன். மேலிருந்து தட்டையாகத் தெரிந்தது எத்தனை மேடுபள்ளம் என்று கால் சொல்லும். செலவில்லாத பாடம் இது. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுபவர்களுக்கு இதைவிட லாபமான பயிற்சி எனக்குத் தெரியாது.

அடுத்தது ஓடுதளத்தில். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியோடு, ஓடுதளத்தின் ஒரு பகுதியை மட்டும் வயலாக எண்ணிக்கொண்டு சோதனைச் சுற்று, குறுகிய தரையிறக்கம். தொடுவது வரை முழுமையாகச் செய்ய இங்கே மட்டுமே முடியும்.

அதன் பிறகுதான் உண்மையான பாடம், அதுவும் அறிவிக்காமல். வேறு ஊருக்குப் பறக்கும் கிராஸ் கன்ட்ரி பயிற்சியில் போய்க்கொண்டிருக்கும்போது மெல்லச் செய்தி தருவேன். "முன்னால் மேகத்தின் அடி 1,500 அடி உயரத்தில் என்று வைத்துக்கொள்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்போது 1,200." பிறகு, "எரிபொருள் முள் நீ எதிர்பார்த்ததைவிடக் கீழே." அவ்வளவுதான். என்ன செய்யலாம் என்று நான் கேட்கமாட்டேன். அவர் சொல்லும்வரை காத்திருப்பேன்.

நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் கடினமாக இருப்பதைப் பார்க்கிறேன். பள்ளியில் சார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள். பக்கத்தில் சார் உட்கார்ந்திருக்கும்போது, "சார், நான் திரும்பப் போகிறேன்" என்ற நாலு சொல் வாயிலிருந்து வருவதில்லை. தரையிறங்கியபின் கேட்பேன்: "மக்களே, எந்த இடத்தில் மனசில் பட்டது?" "பணகுடி தாண்டும்போதே, சார்." "வாயால் சொன்னது எப்போது?" மனதில் பட்டதற்கும் வாயால் சொன்னதற்கும் இடையே எவ்வளவு நேரம் போனது என்பதுதான் இந்தப் பாடத்தில் நான் போடும் மதிப்பெண். அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வர வேண்டும். சுற்று அழகாக இருந்ததா, ஃப்ளாப் சரியான நேரத்தில் இறங்கியதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் வானிலை பார்த்துத் திரும்பி வந்தால், வானம் பிறகு தெளிந்துவிட்டாலும், "போயிருக்கலாமே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் பல வகுப்புகளை அழித்துவிடும்.

பயிற்சியில் எவ்வளவு தாழப் போகலாம்?

விதிப்படி நெரிசலான ஊர்களுக்கு மேல், 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் ஆயிரம் அடி. மற்ற இடங்களில் தரைக்கு மேல் ஐந்நூறு அடி. உங்கள் பயிற்சிப் பள்ளிக்கு ஒதுக்கிய பகுதியும் அதன் உயர எல்லையும் இதைவிடக் கண்டிப்பாக இருக்கலாம். தனியாகப் பறக்கும் மாணவர் இதைப் பயிற்சி செய்யவே கூடாது. சுவிட்சுகளைப் பயிற்சியில் உண்மையாக அணைப்பதும் கூடாது. கைவைத்துத் தொட்டு, வாயால் சொன்னால் போதும்.

ரேடியோவில் என்ன சொல்வது?

பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே, அவசரத்தை அறிவிக்கும் "பான் பான்" என்று மூன்று முறை, பிறகு விமானத்தின் அடையாளம், இடம், உயரம், பிரச்சினை, என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை பேர். பதில் இல்லாவிட்டால் அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸ். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் "மேடே", ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. தாழ்ந்துவிட்டால் மலை மறைத்து ரேடியோ எட்டாது. உயரம் இருக்கும்போதே பேசிவிடுங்கள். வழி தவறியவர்களில் பலர் ரேடியோவில் கேட்கக் கூச்சப்பட்டே நேரத்தைக் கடத்துகிறார்கள். கேளுங்கள்.

என் மகள் தனியாகப் பறக்கும்போது இப்படி வயலில் இறங்கினால் அவள் லைசென்ஸ் என்னாகும்? இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே?

குளச்சலைச் சேர்ந்த ஒரு தகப்பனார் கேட்டது. அவர் கவலை நியாயமானது. நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் படிக்கவைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய.

விமானத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு, பாதுகாப்புக்கு அவசியமானால் விதியிலிருந்து விலகவும் அதிகாரம் உண்டு என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. இறங்கிய பின் அறிக்கை எழுத வேண்டியிருக்கும், விசாரணை இருக்கும், கேள்வி கேட்பார்கள். ஏன் இறங்கினேன் என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஃபோனில் "இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி? எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்காதீர்கள் அண்ணாச்சி. அந்தக் கேள்வி பிள்ளையோடு காக்பிட்டுக்குள் ஏறிவிடுகிறது. "வானம் சரியில்லை, இன்றைக்குப் பறக்கவில்லை அப்பா" என்று அவள் சொல்லும்போது "நல்லது மக்களே" என்று சொல்லிப் பழகுங்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மேலே இருக்கும்போது முடிவெடுப்பது எளிது.

இறங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

எரிபொருளை மூடி, எல்லாவற்றையும் அணைத்து, வெளியே வந்து தள்ளி நில்லுங்கள். காயம் இருந்தால் முதலில் அது. பிறகு பயிற்சிப் பள்ளிக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் ஃபோன். அது கிடைக்காவிட்டால் 112. இறங்கிய அதிர்ச்சியில் விமானத்தின் அவசரக் குறிப்பலைக் கருவி இயங்கியிருந்தால், 406 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்துக்குப் போய்ச்சேரும், தேடுதல் தொடங்கிவிடும். நீங்கள் நலம் என்று சொல்லும்வரை ஆட்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

நம் மாவட்டத்தில் ஐந்து நிமிடத்துக்குள் கூட்டம் கூடிவிடும். நல்ல மனதோடு உதவ வருவார்கள். ஆனால் எரிபொருள் கசியலாம். யாரோ பீடி பற்றவைக்கலாம். சிறுவர்கள் ப்ரொப்பல்லரைப் பிடித்துத் தள்ளலாம். சூடான என்ஜினில் ப்ரொப்பல்லர் லேசாகத் திரும்பினாலும் ஒருமுறை வெடித்து இயங்க வாய்ப்புண்டு. கூட்டத்தில் மூத்தவர் ஒருவரைப் பார்த்து, "அண்ணாச்சி, யாரும் பக்கத்தில் வராமல் நீங்கதான் பார்த்துக்கணும்" என்று பொறுப்பைக் கொடுங்கள். கயிறு கட்டுவதைவிட அது பலன் தரும். நிலத்துக்காரரிடம் பேசி, பயிர்ச் சேதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈட்டுத்தொகையைப் பள்ளியும் காப்பீடும் பார்த்துக்கொள்ளும் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

மழை விட்டதும் அதே வயலிலிருந்து கிளம்பி வந்துவிடலாமா?

மாணவர் கிளம்பக் கூடாது. இறங்கத் தேவையான தூரமும் எழும்பத் தேவையான தூரமும் வேறு. மென்மையான மண்ணில் ஓட்டம் நீளும். எதிரே தென்னை நிற்கும். இறங்கியபோது சக்கரத்திலோ ப்ரொப்பல்லரிலோ பட்ட அடி வெளியே தெரியாமல் இருக்கலாம். பொறியாளர் வந்து பார்த்து, அனுமதி கிடைத்து, அனுபவமுள்ள விமானி எடுத்துப் போகலாம். இல்லாவிட்டால் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றலாம். அதுவரை விமானம் அங்கேயே நிற்கட்டும். நீங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வாருங்கள்.